லெயோந்தீனின் ஐந்து ஞாயிறுகள்

மணப்பெண்ணின் முக்காட்டை லெயோந்தீன் மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பு முடிந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த உடைகளைச் சுருக்கமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். மார்ன் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஸ்டுடியோவில் பதினாறு வருடமாக அவளுக்கு இதே வேலைதான். ஆவி படிந்த ஜன்னலுக்கு வெளியே ஆறும் படகுகளும் பாலில் கரைந்தவை போலத் தெரியும். அதைப் பார்த்தபடியே ஐம்பத்திரண்டு வயது ஆகிவிட்டது.

வடக்கே ரூபே நகரத்தில் துணி ஆலைகள் இருந்த தெருவில் பிறந்தவள். பதினாலு வயதில் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை. ஒரு ரயில் டிக்கெட் பரிசோதகர் அவளுக்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினார், பிறகு அவளுடைய தங்கையைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது லெயோந்தீன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீங்கிய கால்களை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வானொலி கேட்பாள். அவளுடைய ஞாயிறு அவ்வளவுதான்.

இந்தப் படமோ ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. ஐந்து சிரிப்புக் கதைகள், ஐந்து இயக்குநர்கள். இப்படிப் பலர் சேர்ந்து எடுக்கும் படத்தில் ஒருவருடைய தளத்தில் இன்னொருவர் கால் வைக்கமாட்டார். அடுத்தவர் எடுத்ததைப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல். ஆளுக்கொரு ஒளிப்பதிவாளர், ஆளுக்கொரு கூட்டம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை இஸ்திரி அறையும் எடிட்டிங் அறையும் மட்டும்தான்.

கூட்டக் காட்சியில் ஒரு தலை குறைந்த நாளெல்லாம் யாராவது இஸ்திரி அறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

"லெயோந்தீனம்மா, ஒரு நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போங்க. பேசவே வேணாம்."

அவளும் தன் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு போவாள். ஐந்து பேரும் அப்படிக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே அடுத்தவர் படத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றிருந்தது.

"அடியே! இஸ்திரிய வச்சிட்டு இங்க வா!" நடைக்கு அந்தப் பக்கமிருந்து ஃபெர்னாந்த் கத்தினாள். எடிட்டர். தினமும் மதியம் லெயோந்தீனோடு ஒரே ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுகிறவள்.

லெயோந்தீன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

"முதலாளி நேத்து அஞ்சையும் சேத்துப் பாத்தாரு. 'யாரு இந்தப் பொம்பள, என் படத்துல குடித்தனம் நடத்துறா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? அஞ்சு கதையிலயும் அதே கோட்டு, அதே மூஞ்சி. வேற கோட்டு கெடைக்கலியா உனக்கு? உடுப்பு ரூமே உன் கையிலதான இருக்கு!"

"அதெல்லாம் நடிக்கிறவங்களுக்குத் தேச்சு வச்சது."

ஃபெர்னாந்த் பெருமூச்சு விட்டாள். "ஒண்ணுல வச்சிட்டு மிச்ச நாலையும் வெட்டச் சொல்லிட்டாரு. நாலு மணிக்கு ரீலை எடுத்துட்டுப் போக வண்டி வருது."

"இத எத்தன தடவ ஓட்டிப் பாத்திருப்ப?"

"நாப்பது இருக்கும்."

"நாப்பதுலயும் நான் கண்ணுல படலியா?"

"முன்னால நிக்கிறவங்களப் பாக்கத்தான்டி எனக்குச் சம்பளம்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஃபெர்னாந்த் கத்தரியை மேஜைமேல் வைத்தாள். "இங்க பாரு. உன்ன வெட்ட எனக்குக் கை வராது. நீயா சொல்ற வரைக்கும் இதத் தொடமாட்டேன். எத வைக்கட்டும்?"

"இன்னொரு வாட்டி ஓட்டு."

தட்டு அகலத்தில் ஒரு திரை. சத்தமில்லை. தேவாலயக் கல்யாணத்தில் கடைசி வரிசையில் மூக்கைத் துடைத்தாள் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருத்தி. அவளே ரிப்பன் கட்டிய கேக் பெட்டியோடு கடையிலிருந்து வந்தாள். யாருடைய நாயோ அவளை இழுத்துக்கொண்டு போனது. ரயில் நிலைய பெஞ்சில் ஒரு கிழவர் செர்ரிப் பழம் நீட்ட, எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் ஆற்றங்கரை நடனக்கூடத்தில், ஜோடிகளுக்குப் பின்னால், தனியாக மெல்லச் சுழன்றாள். அப்படிச் சுழலச் சொன்னது யார் என்று லெயோந்தீனுக்கு ஞாபகமில்லை. யாரும் சொல்லாமலே கூட இருக்கலாம். காலையில் கோயில், கையில் கேக், நாய், பழம், நடனம். நடுவே வந்து போன பெரிய நடிகர்களெல்லாம் அவள் வழியில் தட்டுப்பட்டவர்கள் போல இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கால் வீங்கவே இல்லை.

திரை வெள்ளையானது. சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிடம்.

"சொல்லுடி. கல்யாணமா? டான்ஸா? வண்டி வந்துடும். லெயோந்தீன், எது?"

லெயோந்தீன் கோட்டில் கைகளை நுழைத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கத்தரியை ஒருமுறை பார்த்தாள். கதவைத் திறந்து, ஆவி மிதக்கும் நடைக்குள் இறங்கிப் போனாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோது கத்தரி வைத்த இடத்திலேயே கிடந்தது.