வராத லாபத்துக்கு வரி

ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில், பலர் பணம் போடும் முதலீட்டு நிதிகளின் வரிக்கணக்கைப் பார்க்கும் அலுவலகமொன்றில் அப்போது எனக்கு நான்காவது வருடம். புதிய சட்டம் வந்திருந்தது. நிதியாண்டு முடிந்து நான்கு மாதங்களுக்குள் ஒவ்வொரு நிதியின் வரி விபரமும், ஆலோசகரின் சான்றிதழோடு, அரச இதழில் வெளிவர வேண்டும். தவறினால் அரசு தானே ஒரு லாபத்தைக் கணித்துக்கொள்ளும். நிதி நட்டப்பட்டிருந்தாலும், பணம் போட்டவர்கள் அந்த வராத லாபத்துக்கு வரி கட்ட வேண்டும்.

கெடு முடியும் ஏப்ரல் கடைசி நாள் காலை, மிஞ்சியிருந்த ஒரு நிதியின் கோப்பை அரச இதழுக்கு அனுப்பினேன். மதியம் எனக்குக் குடியுரிமை அலுவலகத்தில் டெர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்த சந்திப்பு நேரம். பத்து மாதம் காத்திருந்து கிடைத்தது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே கிளம்பினேன். அங்கே காத்திருந்தபோது மனம் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மே தின விடுமுறை. அடுத்த நாள் கணினியைத் திறந்தால் இரண்டு வரிச் செய்தி: சான்றிதழ் இணைக்கப்படவில்லை, கோப்பு ஏற்கப்படவில்லை.

என் மேலாளரிடம் காட்டினேன். "சின்ன நிதிதான். வெளியில் பேச வேண்டாம்" என்றார்.

நான் பேசவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை. ரயிலில் யாராவது வங்கிக் கடிதத்தைப் பிரித்தால் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஓர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். அவருடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது நான்தான்.

"தங்கச்சி, ஒருக்கா வந்து பாருங்கோ. இவர் செத்ததுக்கு வந்த காப்புறுதிக் காசை பாங்க் சொன்ன இடத்தில போட்டனான். அது விழுந்துதான் கிடக்கு. பிறகேன் லாபமெண்டு வரி கேக்கினம்?"

போனேன். கடிதத்தில் அந்த நிதியின் பெயர். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அக்கா, இது என்ர மேசையில நடந்த பிழை" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

கேத்திலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அப்ப உங்களுக்கு இவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஓம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "எனக்கு டொச் பாஷையில எழுத ஏலாது. நீங்கள்தான் எழுதவேணும். உங்கட ஒஃபிசுக்கு, என்ர பேரில."

எழுதினேன். எங்கள் அலுவலகம் மறுக்க முடியாதபடி, சட்டத்தின் பிரிவுகளோடு எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கிழமைக்குள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கடிதம் அவர் கையில்.

"சமையலறையில் வேலை செய்யும் பெண் எழுதியதல்ல இது."

"இல்லை. நான் எழுதினேன்."

மேலாளரின் முகம் சிவந்தது. "என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறதா?"

"தெரியும். கோப்பைச் சரிபார்க்காமல் போனதும் நான்தான்."

அக்காவின் இழப்பை அலுவலகம் உடனே ஈடு செய்தது. மற்ற முதலீட்டாளர்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர்கள் யாரும் முறைப்பாடு செய்யவில்லையே என்றார் மேலாளர். அன்றே நிர்வாகத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் பதிலில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்துப் புது வேலைக்கு விண்ணப்பங்கள்கூடத் தயார் செய்தேன். பிறகு ஒருநாள் எல்லா முதலீட்டாளர்களுக்கும் கடிதம் போனது. இழப்பீடும் போனது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

வேறு பிரிவுக்கு மாற்றியதை அக்காவிடம் சொன்னேன்.

"அது நல்லதோ கெட்டதோ?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியேல்ல அக்கா" என்றேன்.