மேல் கோடு

மகனுடைய கிடாரைப் பரணிலிருந்து இறக்கியது, போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது. பழைய போர்வையில் சுற்றி நானே ஏற்றி வைத்தது. அவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் கேபிள் டிவியை வெட்டினேன், கிடாரைப் பரணில் போட்டேன். மயிலாப்பூரில் அப்போது பல வீடுகளில் இப்படித்தான். பரீட்சை முடிந்ததும் எடுத்துத் தருகிறேன் என்றேன். "சரிப்பா" என்றான். பரீட்சை முடிந்தது. நான் எடுத்துத் தரவில்லை, அவனும் கேட்கவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறான். என் மனைவி இறந்த பிறகு ஞாயிறுதோறும் நாலு நிமிடம் பேசுகிறோம்.

போர்வைக்குள் ஒரு நோட்டும் இருந்தது. அவனே போட்ட மெட்டு ஒன்றை 'டேப்' முறையில் எழுதியிருந்தான். ஆறு கம்பிக்கு ஆறு கோடு. கோட்டின் மேலுள்ள எண், எந்தக் கட்டத்தில் விரலை அழுத்துவது என்று சொல்லும். சைபர் என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? யாரையும் கேட்கவில்லை. ராயப்பேட்டையில் ஒரு கடையில் புதுக் கம்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கிடாரை மடியில் வைத்தால் மேலே இருப்பது தடித்த கம்பி. மேல் கோடு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம். விரல் நுனி காய்த்துப்போனது, மெட்டு மட்டும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் விஷயத்தைச் சொல்லி, நீ தப்பாக எழுதி வைத்திருக்கிறாய் என்றேன்.

"சரிப்பா."

அடுத்த வாரம் ஒரு கம்பி அறுந்தது. கடைக்கு நோட்டையும் கொண்டுபோனேன், தப்பைக் காட்ட. கடைக்காரர் கம்பியை மாற்றிவிட்டு, என்னை வாசிக்கச் சொல்லிக் கொஞ்சம் பார்த்தார்.

"இன்னா சார், தலைகீழா படிச்சிக்கினு கீறீங்க? மேல் கோடு அடிக் கம்பி சார், மெல்லிசு."

கிடாரை வாங்கி அவரே வாசித்தார். ஒரு நிமிடம்கூட இல்லை. வெளியே பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நன்றாக இருந்தது. யார் போட்டது என்று கேட்டார். பையன் என்றேன். இப்போதும் வாசிக்கிறாரா என்றதற்கு, இல்லை என்றேன், கம்பியைப் பார்த்தபடி.

ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்தேன். நோட்டில் தப்பே இல்லை, நான்தான் தலைகீழாகப் படித்திருக்கிறேன் என்றேன்.

"அவ்வளவுதானாப்பா?"

இல்லை. கிடாரைப் பற்றி, அந்தப் பரணைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"சரிப்பா."