தம்பியின் தட்டைத் தள்ளி வைத்தேன்

போன வருட டைரியில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் கீழ் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “தம்பியின் தட்டு, தம்ளர் இன்று முதல் தனியே.” மழை பெய்த நேரத்தைக்கூட எழுதிவைப்பவன் நான். ஏன் தனியே என்பதை மட்டும் அன்று எழுதவில்லை.

மார்க்கையன்கோட்டையில் நானும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்து வாழை விவசாயம் செய்கிறோம். அவனுக்கு வந்திருப்பது நிணநீர்க் கட்டிப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்று மதுரையில் சொன்னார்கள். கட்டியின் செல்களுக்குள் ஒரு வைரஸ் இருப்பதாகவும் ரிப்போர்ட்டில் இருந்தது. வாழைக்காரனுக்கு வைரஸ் என்றால் முடிக்கொத்து நோய்தான். ஒரு மரத்தில் கண்டால், மற்றதுக்குப் பரவாமல் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுவோம். அந்தப் புத்தியில்தான் தட்டை நகர்த்தினேன்.

 இரண்டாவது கீமோ ஊசிக்குக் கிளம்ப வேண்டிய காலையில் தம்பி கட்டிலை விட்டு எழவில்லை.

“நான் வரலண்ணே.”

“ஏன்டா? டாக்டர் வரச் சொன்னாகள்ல?”

“முடிக்கொத்து வந்த மரத்துக்கு எவனாச்சும் உரம் வைப்பானா? தோண்டிப் போட்டுட்டுப் போங்க.”

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெருகச் சொல்லி வெளியிலிருந்து உத்தரவு வந்தால்தான் வெள்ளையணு பெருகுமாம். இந்த வைரஸின் புரதம் ஒன்று, வராத உத்தரவு வந்ததுபோல உள்ளே ஓயாமல் சமிக்ஞை கொடுக்குமாம். சாக வேண்டிய செல்லும் சாகாமல் பெருகிக்கொண்டே போகும்.

“ஆப் பண்ண முடியாத மோட்டாருன்னு சொல்லுங்க,” என்றான் தம்பி.

“அதேதான். வைரஸ் எச்சில்ல பரவும். அநேகமா எல்லார்கிட்டயும் எப்பவோ வந்து சும்மா கிடக்கும். அபூர்வமாத்தான் இப்படி ஆகும். கேன்சர் ஒட்டாது.” பிறகு என்னைப் பார்த்தார். “இப்ப அவருக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. உங்ககிட்ட இருந்துதான் அவருக்கு ஏதாவது ஒட்டும். கையை நல்லா கழுவிட்டுப் பக்கத்துல உக்காருங்க.”

“கேட்டுக்கிட்டீகளாண்ணே? தள்ளி வைக்க வேண்டியது உங்க தட்டத்தான்,” என்று தம்பி சிரித்தான். பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அன்றே ஊசி போட்டுக்கொண்டான். இப்போது காலையில் எனக்கு முன்னால் தோட்டத்தில் நிற்கிறான்.

அதே வைரஸ் எனக்குள்ளும் படுத்திருக்கிறதா என்று நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் இப்போதெல்லாம் அடுத்தவர் நோயைப் பற்றி வாய் திறக்கிறேன்.