தண்ணீராய்த் தெரிந்த பால்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, நான் பொறுமை இல்லாதவள். என் அவசரம் என் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

போன யூன் மாதம். அனலைதீவில் எங்கள் வீட்டில் மகன் பிறந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள். பிறந்தபோது இருந்த நிறைகூட இன்னும் வரவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. எந்நேரமும் அழுகை. முதல் சில நாட்கள் என் பால் மஞ்சளாய், தடிப்பாய் இருந்தது. பிறகு பீய்ச்சிப் பார்த்தால் நீலம் பாய்ந்த தண்ணீர். பால் கெட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

கணவர் கடற்றொழிலாளி. பால் ஊறட்டும் என்று பால்சுறாவாகத் தேடிப் பிடித்து வந்தார். மூன்று நேரமும் அதை அவித்து உதிர்த்து வறுத்த சுறா வறைதான். பால் நன்றாகச் சுரந்தது, ஆனால் தண்ணீராகவே வந்தது. மகன் நாலு வாய் குடித்ததும் இழுத்தெடுத்து மற்றப் பக்கம் போடுவேன். அங்கேயும் அதே தண்ணீர். திரும்பவும் மாற்றுவேன்.

அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்று தூக்கி அடித்தது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு ஓடவில்லை. பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. செத்துவிடுவானோ என்று நடுங்கினேன். மாதா படத்தின் முன் முழந்தாளில் விழுந்து, "தாயே, நீரும் பிள்ளை பெத்தனீர்தானே! என்ரை பாலை மாத்தித் தாரும்!" என்று கத்தினேன். காற்று அடித்த இரண்டு நாளும் அதே செபம்தான்.

மூன்றாம் நாள் காலை காற்று விழுந்தது. முதல் படகிலேயே, தீவில் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்க வரும் மருத்துவிச்சி அக்கா வந்து இறங்கினார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். முகம் மாறியது. நான் பால் கொடுப்பதைக் கவனித்தார்.

"ஏன் பிள்ளை உப்பிடி இழுத்து இழுத்து மாத்திறீர்?"

"வெறும் தண்ணியக்கா."

"முதல்லை தாகத்துக்குத் தண்ணியாத்தான் வரும். கொழுப்பு பிறகுதான் வரும். ஒரு பக்கத்தை முடிக்க விடும். மஞ்சள் பால் பிறந்த புதுசிலை மட்டும்தான். பிள்ளை வளர வளரப் பாலும் மாறும். நீர்தான் அவனைக் குடிக்க விடேல்லை."

எனக்கு நெஞ்சு வெடித்தது. அன்று ஒரே பக்கத்தில் விட்டேன். நெடுநேரம் குடித்தான். இறுகியிருந்த விரல்கள் விரிந்தன. கடைவாயில் வழிந்ததைத் தொட்டுப் பார்த்தேன். தடித்த வெள்ளைப் பால். விம்மி விம்மி அழுதேன். அன்றே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். அடுத்த கிழமை நிறை ஏறியது. ஆண்டவருக்கு நன்றி.

மாற்றித் தாரும் என்று நான் கத்தியபோதே பால் மாறிக்கொண்டுதான் இருந்தது. இப்போது செபித்து முடித்ததும் கொஞ்சநேரம் பேசாமல் இருக்கப் பழகுகிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள், கேட்டபின் பொறுத்திருங்கள். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால், நிறையப் பால் இருந்தும் என் பிள்ளை மடியிலேயே பசியோடு கிடந்திருக்க மாட்டான்.