நாற்காலி இல்லாத கச்சேரி

எங்கள் இசைக்குழுவில் இரண்டே சாதி என்று ஊரில் கேலி பேசுவார்கள்: ஆசைக்கு வாசிக்கிறவர்கள், அரிசிக்கு வாசிக்கிறவர்கள். நான் ஆசைக்காரி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் வயலின். ஹார்மோனியம் வாசித்தவர் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய். கிளாரினெட்டும் டிரம்மும் மட்டும் கல்யாண பேண்டுக்காரர்களுடையவை. வத்தலக்குண்டு வரைக்கும் போய் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்துவிட்டு, வீங்கிய காலோடு நேராக ஒத்திகைக்கு வந்து நிற்பார்கள்.

அவர்களை உட்கார்த்தி வாசிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நடந்துகொண்டே வாசித்தவர்களுக்குத் தாளம் காலில் இருந்தது. உட்கார்ந்தால் தப்பியது.

"கால் மிதிக்கலேன்னா எனக்குக் காதே அடைச்சுப் போகுது டீச்சர்" என்பார் கிளாரினெட்காரர். அப்படியானால் நின்றே வாசியுங்கள் என்றேன். மனிதர் ஒப்பவில்லை.

"இம்புட்டுக் கல்யாணத்துல ஒருத்தன் எனக்கு நாற்காலி போட்டதில்ல. நம்ம கச்சேரியிலயாச்சும் உக்காந்து வாசிக்கணும்."

மாதக்கணக்கில் குதிகாலை மட்டும் தட்டித் தட்டிப் பழகி, ஒருவழியாக உட்கார்ந்து வாசித்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதல் கச்சேரி. கொட்டகையும் நாற்காலிகளும் ஒரு புகையிலை மண்டி முதலாளியின் உபயம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், மேடையில் ஆசைக்காரர்களுக்கு மட்டும் நாற்காலி. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பேண்டுக்காரங்க பின்னால நின்னுக்கிடட்டும் டீச்சர். கூலிக்கு ஊதுறவங்க மேடையில உக்காந்தா, கீழ இருக்கிற பெரிய மனுசங்க என்ன நெனைப்பாங்க? அவங்களுக்கு நின்னுதானே பழக்கம்."

கிளாரினெட்காரர் பக்கத்தில்தான் இருந்தார். வாத்தியத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

"நானா நின்னா அது பழக்கம். நிக்க வச்சா அது வேற. நான் போறேன் டீச்சர்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓசி நாற்காலிக்கு இவ்வளவு திமிரா? என் நாற்காலியைத் தூக்கினேன். மேடையிலிருந்து இறங்கி, முதலாளி உட்காரப்போகும் வரிசைக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டேன்.

"டீச்சர், என்ன இது?" என்றார் முதலாளி.

"எங்களுக்கும் நின்னே பழக்கம்."

பாய்க்கு முட்டி வலி. "யா அல்லா, இன்னிக்கு ஒருநா என் முட்டிய நீ பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே தன் நாற்காலியையும் இறக்கினார். ஹார்மோனியத்தை ஒரு மேசைமேல் ஏற்றினோம். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் நாற்காலிகளை இறக்கிப் போட்டார்கள். கிளாரினெட்காரர் சுற்றிய துணியை மெல்லப் பிரித்தார்.

எல்லோரும் நின்றோம். முதல் பாட்டிலேயே அவர் கால் மிதிக்க ஆரம்பித்தது. என் காலும் மிதித்தது, பாயின் காலும். பலகை மேடை அதிர்ந்தது. எந்த ஒத்திகையிலும் நாங்கள் அப்படி ஒன்றாகச் சேர்ந்து வாசித்ததில்லை. நல்லபிள்ளையாக உட்கார்ந்து வாசித்திருந்தால் அது வந்தே இருக்காது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அடுத்தது என் தனி வயலின். மற்றவர்கள் மேடையின் ஓரமாக ஒதுங்கினார்கள். கிளாரினெட்காரர் மட்டும் படியிறங்கி, நாங்கள் போட்ட நாற்காலிகளில் ஒன்றில், முதலாளிக்கு நேர் முன்னால், சாய்ந்து உட்கார்ந்தார். கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"செத்த நேரம் உக்காந்துக்கிறேன் முதலாளி. மறைச்சா சொல்லுங்க."