போன சீசன் மாதிரியே

ஓவியா மன்னிக்கிற ரகம் இல்லை. விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தவள். மருந்து கலக்கும் அறைகளின் சூட்டைக் கணக்குப் பார்ப்பது அவள் வேலை. அறைச் சூடு எத்தனை மணிக்கு முப்பத்துநான்கு டிகிரியைத் தாண்டும் என்று அவள் எழுதிய புரோகிராம் தினமும் காலையில் சொல்லும். அதற்குள் கலவையை நிறுத்திவிட வேண்டும்.

போன தீபாவளி சீசனில் மேனேஜர் சபரிநாதன், ஆர்டர் முடியவில்லையென்று அந்த முப்பத்துநான்கை முப்பத்தெட்டு ஆக்கினார். பத்தரைக்கு நிற்க வேண்டிய வேலை பன்னிரண்டு வரை ஓடியது. மருந்து பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவள் ஓவியாவின் அம்மா மாடத்தி. உயிர் தப்பியது, வலது கை வெந்து விரல்கள் ஒட்டிப்போயின.

"இந்தப் பிள்ள போட்ட கணக்கு தப்பு அண்ணாச்சி" என்று முதலாளியிடம் கூசாமல் சொன்னார் அந்த மனிதர். பெற்றவள் கையைப் பொசுக்கியவள் என்று ஊரே பேசியது. மறுக்க ஆதாரம் ஏது? கம்ப்யூட்டரில் 'பைனல்', 'புது பைனல்', 'தீபாவளி பைனல்' என்று பதினோரு பைல் கிடந்தது. எதை யார் தொட்டார்கள் என்று சாமிக்குத்தான் வெளிச்சம்.

அவள் வேலையை விடவில்லை. விட்டால் அந்த ஆளை யார் கவனிப்பது?

இந்த ஆடியில் 'கிட்' என்ற மென்பொருளைப் போட்டாள். பதினோரு பைலும் ஒன்றானது. யார் எதை மாற்றினாலும் பழையது அழியாது; பெயர், நேரம், காரணம் எல்லாம் பதிவாகும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

"என்னம்மா புதுசா?" என்றார் சபரிநாதன்.

"பழசு அழியாம இருக்கத்தான் சார். எதையும் மாத்துனீகன்னா காரணம் ஒரு வரி எழுதிருங்க. இல்லேன்னா சேவ் ஆகாது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பத்துநான்கை யார் தொட்டாலும் தன் போன் அடிக்கும்படியும் செய்துவைத்தாள். இன்னொருத்தி வெந்துதான் அவள் பழி தீர வேண்டும் என்பதில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை, ஏழு மணிக்கு முன்பே போன் அடித்தது. முதலில் போர்மேன் பாண்டிராஜிடம் சொல்லிக் கலவையை நிறுத்தினாள். பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதலாளி ராஜபாண்டியன் அறைக்குள் போனாள். சபரிநாதனையும் வரவழைத்தார் முதலாளி. திரையில் சபரிநாதன் பெயரும் நேரமும் புது முப்பத்தெட்டும் பளிச்சென்று நின்றன.

"கை தவறிருச்சு அண்ணாச்சி. இன்னிக்குத்தான் மொதத் தடவ."

"காரணத்தையும் வாசிங்க சார். சத்தமா."

முதலாளியே வாசித்தார்: "போன சீசன்ல வச்ச மாதிரியே 38."

சபரிநாதன் ஓவியா பக்கம் திரும்பினார். "அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிரு தாயி. நான் வேலைய விட்டே போயிர்றேன்."

ஓவியாவுக்கு அன்றைக்குத்தான் நெஞ்சு குளிர்ந்தது. அம்மாவின் வலது கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத அழிச்சிட்டு வாங்க சார். நானும் அத அழிக்கேன்."

சொல்லிவிட்டு, போலீசுக்கு ஒன்று தனக்கு ஒன்று என இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்தாள்.