எண்பத்தைந்து கிராம்

என் கணவர் எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையை எனக்குத் தரவில்லை. அதன்மேல் ஒரு விமானம் வளர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் இயக்கி வானத்தில் குட்டிக்கரணம் போடவைக்கிற மாதிரி விமானம். மயிலாப்பூர் மாடிப் போர்ஷனில் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போட்டி விதி ஒன்று அவரை வாட்டியது. எரிபொருள் ஊற்றாமல் விமானம் ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டில் இருந்த, ஆள் ஏறி நிற்கும் எடை மெஷினில் முள் ஐந்தைச் சுற்றியே தள்ளாடியது.

"இத நம்பிண்டு எப்படிப் போறது?" என்றார்.

"அப்பா கடையில கிராம் கணக்கா காட்டுற மெஷின் இருக்கு." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

தி. நகரில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றியவர். அவரிடம் சொல்லாமல், வேறு சாதியில் நான் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

ஒரு மத்தியானம் ஆட்டோவில் போனோம். கணவர் இரண்டு இறக்கைகளோடும் தெருவிலேயே நின்றுவிட்டார். விமானத்தின் உடலை மட்டும் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்.

"என்ன இது?"

"எடை போடணும்ப்பா. அஞ்சு கிலோவுக்கு மேல போனா போட்டியில சேக்க மாட்டாங்க."

மெஷின் மேலிருந்த அண்டாவை இறக்கி, துண்டால் தட்டைத் துடைத்தார். "இவ்வளவுதானா?"

"றெக்கை வெளியில இருக்கு."

"யாருட்ட?"

நான் வாசலைப் பார்த்தேன். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"வெயில்ல ஏன் நிக்கிய? உள்ள வாங்க மாப்ளே."

நான் அவசரமாகத் திரும்பி, அடுக்கியிருந்த டம்ளர்களைப் பார்ப்பதுபோல் நின்றேன். கண் கலங்கியதை இரண்டு பேருமே பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ எண்பத்தைந்து கிராம் காட்டியது.

அதற்கப்புறம் மூன்று வாரம், குறைக்கக் குறைக்கக் கொண்டுபோய் நிறுத்தோம். சக்கரத்தை மாற்றினார், சிறிய பாட்டரி வைத்தார். கடைசியில் இருபது கிராம் மட்டும் அதிகமாக நின்றது. இறக்கையின் அடியில் நான் ஆசையாக மூன்று கோட் அடித்த சிவப்புப் பட்டைதான் குறைக்க மிச்சம். கணவர் அதைத் தொடவே தயங்கினார்.

"அது புள்ள அடிச்சதுல்லா. வேற எதையாவது கொறைங்க" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் உப்புத்தாளை எடுத்து நானே தேய்த்தேன். துளிகூட வருத்தமில்லை.

பாலவாக்கம் தாண்டி ஒரு பொட்டலில் போட்டி. அப்பாவும் எங்களோடு வந்தார். அதிகாரியின் மெஷினில் ஐந்து கிலோவுக்கு ஐந்து கிராம் குறைவாக நின்றது. விமானம் தலைகீழாகப் பறந்தபோது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் விட்டார். கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. கணவர் தலைகுனிந்து வந்தார்.

"உடையாம வந்துட்டுல்லா, அது போதும்" என்றார் அப்பா.

திரும்பும்போது ஆட்டோ டிரைவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நான் தி. நகர் என்று சொல்வதற்குள் அப்பா குறுக்கிட்டார்.

"மயிலாப்பூர் போப்பா. எம் பொண்ணு வீட்ட நான் இன்னும் பாக்கல."